பள்ளி வாசலில் சாலை அகலப்படுத்தும் வேலை: பெங்களூர்ப் பெற்றோர்களும் பள்ளிகளும் தள இன்ஜினியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், நீலசந்திரா மாதிரி பழைய பகுதிகளில் பள்ளிக் கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடை மூடிதான் இருக்கும். அங்கே ரோட்டை அகலப்படுத்துவது தாரும் ஜல்லியும் மட்டும் சேர்ந்த வேலை இல்லை. காலையில் சில நூறு பிள்ளைகள் நடந்து வருகிற பாதையை மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பதும் அதே வேலையின் பகுதிதான்.

வேலையில் முதலில் செய்ய வேண்டியது எது?

தற்காலிக நடைபாதை. அதைப் போட்டு, தடுப்புக் கட்டி, பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் அதில் நடந்து பழகிய பிறகுதான் ஜே.சி.பி. வரவேண்டும். பல இடங்களில் நடப்பது தலைகீழ். முதல் நாளே பழைய நடைபாதைக் கல்லைப் பெயர்த்துவிடுவார்கள், மாற்று வழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த 'அப்புறம்' வருவதற்குள் பிள்ளைகள் ரோட்டில் இறங்கி நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.

நிரந்தர நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். வேலை நடக்கும்போது அவ்வளவு கிடைக்காவிட்டாலும் 1.5 மீட்டருக்குக் கீழே இறங்காதீர்கள். பை மாட்டிய பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு வரும் அம்மா, எதிரே வரும் ஓர் ஆள், இவர்கள் ஒதுங்கிப் போக அவ்வளவாவது வேண்டும். வெறும் மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணினால் முதல் மழைக்கே சேறாகிவிடும். 100 மி.மீ. கனத்துக்கு ஜல்லிக் கலவை போட்டு ரோலர் ஓட்டி, பெயர்த்தெடுத்த பழைய பேவர் கற்களையே அதன்மேல் அடுக்கினால் போதும்.

பாதையை அடிக்கடி மாற்றவும் கூடாது, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் பலகையைப் படித்துவிட்டு நடப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நேற்று நடந்த வழியிலேயே இன்றும் நடக்கும், அங்கே இன்று குழி இருந்தாலும்.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது?

கர்நாடக மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து மே கடைசி வரை கோடை விடுமுறை. சுமார் ஏழு வாரம். கேட்டுக்கு முன்னால் உள்ள 30, 40 மீட்டரில் சாக்கடை, குழாய், கேபிள், காம்பவுண்டுச் சுவர் வேலைகளை எல்லாம் இதற்குள் முடித்துவிட வேண்டும். பள்ளியிலிருந்து தள்ளி இருக்கும் நீளத்தை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ஒப்பந்ததாரர்கள் வழக்கமாக ஒரு முனையில் தொடங்கி நேராக வருவார்கள், கேட்டுக்கு வந்து சேரும்போது சரியாக ஜூன் பிறந்திருக்கும். வரிசையை வேலை உத்தரவிலேயே எழுதி வாங்கினால்தான் இதைத் தடுக்க முடியும்.

மே மாதத்தில் சாயங்கால இடிமழை உண்டு, அதனால் திறந்த பள்ளத்தை ஒரே நேரத்தில் 20 மீட்டருக்கு மேல் விடாதீர்கள். பெங்களூரில் மழை கனமாகக் கொட்டுவது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஆகவே தசரா விடுமுறையை நம்பித் தார் வேலையைத் திட்டமிட வேண்டாம். தாருக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச்சில் பொதுத் தேர்வு வந்துவிடும். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளின் விடுமுறை வேறு மாதிரி இருக்கும், ஒரே தெருவில் இரண்டு பள்ளி இருந்தால் இரண்டின் நாட்காட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

பள்ளியின் நிலத்தில் ஒரு பட்டையை எடுக்கிறார்கள். நிர்வாகம் என்ன கேட்க வேண்டும்?

தனியார் அறக்கட்டளைப் பள்ளி என்றால் வழக்கமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி பண இழப்பீடு. இன்னொன்று, கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டம் 1961இன் 14பி பிரிவின்படி டி.டி.ஆர்., அதாவது கொடுத்த நிலத்துக்குப் பதிலாகக் கட்டட உரிமைச் சான்றிதழ். மேலே கட்டவோ விற்கவோ வசதி இருக்கிற பள்ளிக்குத்தான் டி.டி.ஆரால் பயன். எதற்குக் கையெழுத்துப் போட்டாலும் முதலில் கூட்டு அளவை நடத்தி, எத்தனை சதுர மீட்டர் போகிறது என்பதை வரைபடத்தில் குறித்து வாங்குங்கள். சுவரில் சிவப்புப் பெயின்டால் போட்ட அம்புக்குறி அளவை ஆகாது.

தளத்தில் ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். புதிய சுவர் எழும்பிய பிறகே பழைய சுவர் விழ வேண்டும். நடுவில் பத்து நாள் சுவரில்லாமல் கிடந்தால் விளையாட்டுத் திடலும் ரோடும் ஒன்றாகிவிடும், பந்து உருண்ட திசையில் பிள்ளை ஓடும். சுவர் ஓரத்தில் என்னென்ன இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். சம்ப், செப்டிக் டேங்க், மின் மீட்டர், குடிநீர் இணைப்பு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், இவற்றை நகர்த்தும் செலவு மதிப்பீட்டில் சேர்ந்திருக்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன் கீழே என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. குடிநீர், பாதாளச் சாக்கடைக்குக் குடிநீர் வாரியமான பி.டபிள்யூ.எஸ்.எஸ்.பி., மின்சாரத்துக்கு மின் விநியோக நிறுவனமான பெஸ்காம், அதற்கு மேல் எரிவாயுக் குழாய், ஓ.எஃப்.சி. என்னும் கண்ணாடி இழைக் கேபிள்கள். 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் தோண்டும் இடத்தைப் பதிவு செய்தால் அங்கே சொத்து வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அதைச் செய்துவிட்டு, 20 மீட்டருக்கு ஒன்றாக ரோட்டுக்குக் குறுக்கே கையால் சோதனைக் குழி வெட்டுங்கள், 1.2 மீட்டர் ஆழத்துக்கு. குழாயும் கேபிளும் தெரிகிற இடத்தில் ஆழத்தை அளந்து, பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதுங்கள்.

இந்தியத் தரத்தின்படி 11 கே.வி. கேபிள் 90 செ.மீ. ஆழத்திலும் வீட்டு இணைப்புக் கேபிள் 75 செ.மீ. ஆழத்திலும் இருக்க வேண்டும். பழைய தெருக்களில் ரோட்டைப் பலமுறை வெட்டி மூடியதில் அந்த ஆழம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே குறித்த கோட்டுக்கு இருபுறமும் அரை மீட்டர் வரை கடப்பாரையைக்கூட வேகமாகக் குத்தாமல் மண்வெட்டியால்தான் எடுக்க வேண்டும். கேபிளுக்கு மேல் போட்ட செங்கல்லோ சிவப்பு எச்சரிக்கை நாடாவோ தெரிந்த உடனே நிறுத்திவிட்டு பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லுங்கள். குடிநீர், சாக்கடைக் குழாய் உடைந்தால் குடிநீர் வாரியத்தின் 1916. உடைவது குடிநீர்க் குழாயாக இருந்தால் பள்ளியின் கழிப்பறை அன்றே நின்றுபோகும், ஆகவே வேலை முடியும்வரை ஒரு 2,000 லிட்டர் டேங்க் நிரம்பியே இருக்கட்டும்.

கேட்டுக்கு எதிரே சாக்கடை எத்தனை நாள் திறந்திருக்கும்?

வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை. அதற்கு மேல் போனால் திட்டம் சரியில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் மட்டும் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் ஊற்றும் முறை வேண்டாம், சுவரும் மூடியும் பலமேற எத்தனையோ நாள் ஆகும். முன்பே வார்த்த ப்ரீகாஸ்ட் பெட்டிச் சாக்கடையைக் கிரேனில் இறக்கினால் இரண்டு நாளில் மூடிவிடலாம். கேட் அகலம் 6 மீட்டர் என்றால் 8 மீட்டருக்குப் பெட்டி வாங்குங்கள், பள்ளி பஸ் திரும்பும்போது பின்சக்கரம் ஓரமாகத்தான் ஏறும்.

சாக்கடையைத் தாழ்ந்த முனையிலிருந்து மேல்நோக்கிக் கட்டுவதுதான் முறை. நடுவில் தொடங்கினால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பள்ளத்திலேயே தேங்கும், ஓரம் சரியும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும், பள்ளம் 3 மீட்டரைத் தாண்டினால் ஆழத்தில் பாதி அளவுக்குத் தள்ளி.

எந்த மாதிரித் தடுப்பு வேண்டும்? ரிப்பன் கட்டினால் போதாதா?

போதாது. சிவப்பு வெள்ளை நாடா பெரியவருக்கு எச்சரிக்கை, பிள்ளைக்கு அது இழுத்து விளையாடும் பொருள். இரும்புச் சட்டத்தில் பொருத்திய தடுப்புப் பலகை வேண்டும். கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னப் பிள்ளை பந்தை எடுக்கக் குனிந்து உள்ளே போய்விடும். அடியில் மணல் மூட்டை வைக்காத பலகை ஒரு லாரி வேகமாகப் போன காற்றிலேயே சாயும்.

பலகையைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்காத ஒன்று, அதன் உயரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 115 செ.மீ. இரண்டு மீட்டர் தகரப் பலகைக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளை ரோட்டுக்கு வெளிப்படும்போது பைக் ஓட்டி வருபவருக்கு ஒரு நொடி முன்னால்தான் தெரியும். ஆகவே கேட்டுக்கும் கடக்கும் இடத்துக்கும் இருபுறமும் 20 மீட்டருக்குத் தகரத்தை எடுத்துவிட்டு, பார்வை ஊடுருவும் கம்பி வலைத் தடுப்பு போடுங்கள். அந்த நீளத்தில் ஜல்லிக் குவியல், நிறுத்திவைத்த ரோலர், டிப்பர் எதுவும் கூடாது. சரிபார்ப்பது எளிது. கடக்கும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள். 50 மீட்டர் தூரத்தில் வரும் வண்டியின் முன்சக்கரம் தெரியாவிட்டால் எதையோ நகர்த்த வேண்டும்.

வாகனங்களுக்கு: 50 கி.மீ. வேகத்துக்குள் போகும் ரோட்டில் வேலை தொடங்குமிடத்துக்கு 100 மீட்டராவது முன்பே எச்சரிக்கைப் பலகை, அதன்பின் தடுப்பைச் சாய்வாக வைத்துப் பாதையைக் குறுக்கும் நீளம் 50 மீட்டர். பஸ் போகவேண்டிய லேனை 3 மீட்டருக்குக் கீழே குறைக்காதீர்கள், பஸ்ஸின் உடம்பே 2.6 மீட்டர் வரை இருக்கலாம்.

எந்த நேரத்தில் இயந்திரம் ஓடக் கூடாது?

பள்ளி மணிக்கு 45 நிமிடம் முன்பிருந்து மணி அடித்து 15 நிமிடம் வரை. விடும்போது அரை மணி முன்பிருந்து முக்கால் மணி பின்பு வரை. நர்சரி வகுப்புகள் நண்பகலில் விடுவதைத் தளத்தில் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள், மிகச் சின்னப் பிள்ளைகள் வெளியே வருவது அப்போதுதான். சனிக்கிழமை அரை நாள். அரசுப் பள்ளி என்றால் மதிய உணவு வண்டி வரும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடக் கூடாது என்றால் இஞ்சினை அணைத்து, பக்கெட்டைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிட வேண்டும். ஓரமாக நிற்கிற ஜே.சி.பி. பின்னால் திரும்பும்போதுதான் விபத்து நடக்கும்.

தார் பெரும்பாலும் இரவில்தான் போடுவார்கள். அப்போது கவலைப்பட வேண்டியது மறுநாள் காலையைப் பற்றி. காலை 6:30க்கு சூப்பர்வைசர் இரண்டு கேட்டுக்கும் நடுவே நடந்து பார்த்து, தடுப்பு விழுந்ததா, மேன்ஹோல் மூடி திறந்திருக்கிறதா, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். 7:30க்குள் சரியாகாவிட்டால் தலைமையாசிரியருக்கு அவர் போன் செய்ய வேண்டும், தலைமையாசிரியர் அவருக்கு அல்ல.

இதற்கெல்லாம் ஒப்பந்ததாரர் காசு செலவழிப்பாரா?

மதிப்பீட்டில் தனிச் செலவு இனமாக இருந்தால் செலவழிப்பார். 'பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒப்பந்ததாரரைச் சேர்ந்தது' என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். 400 மீட்டர் நீளம், இரண்டு கேட், ஒரு பக்க அகலப்படுத்தல் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் பலகையாக 400 மீட்டருக்கு 200, சாய்வான 50 மீட்டருக்கு 25, உடைவதற்கு ஈடாக 25, ஆக 250 பலகை. 10 மீட்டருக்கு ஒரு சோலார் மினுக்கு விளக்கு என்றால் 45. கேட்டுக்கு இரண்டு, வேலையின் இரு முனைக்கும் ஒவ்வொன்று, மாற்றாள் ஒருவர் என்று கொடி காட்டும் ஆட்கள் 7 பேர். பலகைக்கு மாத வாடகை, ஆளுக்கு நாள் கூலி என்று தனித்தனியாகப் போட்டால் இல்லாத நாளுக்குப் பணம் பிடிக்கலாம். டெண்டர் ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

கொடி காட்டுபவருக்குக் கன்னடம் தெரிந்திருக்கட்டும், வண்டி ஓட்டுபவரிடம் ஒரு சொல்லில் பேச முடிய வேண்டும். பெற்றோருக்கான அறிவிப்பைக் கன்னடத்தோடு அந்தந்தத் தெருவுக்கு ஏற்பத் தமிழிலும் உருதுவிலும் ஒட்டுங்கள்.

தூசியும் சத்தமும்?

பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி விதிகளில் உள்ளது, அறிவித்த இடத்தில் பகலில் 50 டெசிபல்தான் அனுமதி. பாறை உடைக்கும் பிரேக்கர் அதைப் பலமடங்கு மீறும், ஆகவே அந்த வேலை சனி பிற்பகலும் ஞாயிறும் மட்டும். பெங்களூரில் கொஞ்சம் ஆழத்திலேயே கருங்கல் வந்துவிடும் இடங்கள் உண்டு. அங்கே துளை போட்டு, விரிந்து பிளக்கும் ரசாயனக் கலவை ஊற்றினால் சத்தமில்லாமல் ஒரு நாளில் பிளவு விடும்.

தூசிக்குத் தண்ணீர் தெளிப்பது காலை 7க்கு முன், நண்பகல் விடும் நேரத்துக்கு முன், பிற்பகல் விடும் நேரத்துக்கு முன். நனைய வேண்டும், ஓடக் கூடாது. 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தார்கள். சுத்திகரித்த கழிவு நீர் டேங்கரையே ஏற்பாடு செய்யுங்கள். அதைப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது பீய்ச்சக் கூடாது.

புது ரோடு பள்ளியை விட உயரமாகிவிடுமோ?

ஆகும், யாரும் கேட்காவிட்டால். வைட் டாப்பிங் என்னும் கான்கிரீட் ரோட்டைப் பழைய தார்மேல் அப்படியே போட்டால் 150 முதல் 200 மி.மீ. ஏறிவிடும். அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் வகுப்பறை வாசலுக்கு வரும். வேலை தொடங்கும் முன் கேட்டின் தரை மட்டத்தை ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவி வைத்து அளந்து, முடிந்த ரோட்டின் ஓரம் அதைவிட 10 செ.மீ.யாவது கீழே இருக்கும் என்று வரைபடத்தில் எழுதி வாங்குங்கள். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்தால்தான் அது சாத்தியம்.

பழைய ரோடும் புதுப் பகுதியும் சேருமிடத்தில் ஒரு வருடத்தில் நீளமாக விரிசல் விடுகிறதே, ஏன்?

புதுப் பக்கம் இறங்குவதால். பழைய ஓரத்தை நேராக வெட்டி அதன் பக்கத்தில் மண்ணை நிரப்பினால் இரண்டும் ஒட்டாது. ஓரத்தை 30 செ.மீ. படிகளாக வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் 20 செ.மீ.க்கு மேல் போகாமல் இறுக்க வேண்டும். ஜல்லிக்கு அடியில் வரும் மேல் மண்ணுக்கு ஆய்வகத்தில் கிடைக்கும் அதிகபட்ச அடர்த்தியில் 97 சதவீதம், அதன்மேல் வரும் ஜி.எஸ்.பி., டபிள்யூ.எம்.எம். என்னும் ஜல்லி அடுக்குகளுக்கு 98 சதவீதம் இறுக்கம். ஒரு தார் அடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த அடுக்கின் இணைப்பு வரக் கூடாது, 15 செ.மீ.யாவது தள்ளி வர வேண்டும். கலவை நகருக்கு வெளியே தயாராகி டிராபிக்கில் நின்று வந்தால் ஆறிவிடும். வி.ஜி.30 என்னும் தார் வகைக்குக் கொட்டும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும், 90 டிகிரிக்கு ஆறுவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். அந்த இணைப்பு ஸ்கூட்டர் சக்கரம் ஓடும் கோட்டில் விழாதபடி பார்ப்பதும் முக்கியம், பிள்ளையைப் பின்னால் ஏற்றிய ஸ்கூட்டர் நீள விரிசலில்தான் ஆட்டம் காணும்.

அகலமான பிறகு பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள்?

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பிள்ளை நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும். 7 மீட்டர் ரோட்டைக் கடக்க 7 நொடி, 14 மீட்டருக்கு 14 நொடி. 40 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 11 மீட்டர் ஓடும். முன்பு 80 மீட்டருக்கு அப்பால் வண்டி இருந்தால் கடந்துவிடலாம், இப்போது 155 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். காலையில் அப்படி ஓர் இடைவெளி வரவே வராது. போதாததற்கு ரோடு அகலமானால் வேகமும் கூடும், 30 கி.மீ. வேகத்தில் நிற்க 30 மீட்டர் வேண்டும், 50இல் 60 மீட்டர்.

ஆகவே கேட் எதிரே நடுத்தீவு இல்லாமல் வரைபடத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். 2 மீட்டர் அகலம் இருந்தால் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் நின்று மறுபாதியைப் பார்க்கலாம். ஜீப்ரா கோட்டை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திப் போடுவது இன்னும் நல்லது. அதற்கு முன்னால் வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்துக்கான அளவு. தெருக்காரர்கள் போடும் ஒரு முழக் குறுகல் மேடு முதுகெலும்பைத்தான் பதம்பார்க்கும், தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைக்க வைக்காது. பஸ் நிறுத்தம், பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும் இடத்தைத் தாண்டி இருக்கட்டும், இறங்கிய பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் நுழையாமல் பின்னால் கடக்கட்டும்.

மரங்கள்?

வெட்ட 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும், 50க்கு மேல் என்றால் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். காப்பாற்றிய மரத்தின் வேரை ஜே.சி.பி. அறுத்துவிட்டால் ஏப்ரல், மே காற்றில் அது பள்ளிப் பக்கமே விழும். அடிமரத்திலிருந்து 1.5 மீட்டருக்குக் கையால் தோண்டல், கல் பதிக்கும்போது சுற்றிலும் ஒரு மீட்டர் திறந்த மண்.

குறை இருந்தால் யாரிடம் போவது?

2025 செப்டம்பரிலிருந்து, பழைய மாநகராட்சியான பி.பி.எம்.பி. இருந்த இடத்தில் கிரேட்டர் பெங்களூர் ஆணையமும் அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகளும் இருக்கின்றன. உங்கள் ரோடு எந்த மாநகராட்சி, உதவிப் பொறியாளர் (ஏ.இ.) யார், அவருக்கு மேலுள்ள உதவிச் செயற்பொறியாளர் (ஏ.இ.இ.) யார் என்பதை வேலைத் தகவல் பலகையிலிருந்தே எழுதி வையுங்கள். தேதி தெரியும் படம், அளவு நாடா வைத்த படம் இரண்டும் இருந்தால் புகார் நகரும். 'பாதை மோசம்' என்று எழுதுவதை விட 'இரண்டாம் கேட் எதிரே நடைபாதை 70 செ.மீ., பள்ளம் 1.8 மீ., தடுப்பு இல்லை' என்று எழுதுங்கள். உடனடி ஆபத்துக்கு 112.

தடுப்புகளை எப்போது எடுக்கலாம்?

தார் போட்ட மறுநாள் அல்ல. முதலில் நிரந்தர நடைபாதை முழு நீளத்துக்கும் திறக்க வேண்டும், நடுவில் ஒரு மூடி பாக்கியிருந்தாலும் திறந்ததாகக் கணக்கில்லை. பிறகு 2.5 மி.மீ. தெர்மோபிளாஸ்டிக் ஜீப்ரா கோடு, பள்ளிப் பலகை, வேகத்தடை மேல் பெயின்ட், தெருவிளக்கு எரிவதை மாலை 6:30க்கு நேரில் பார்ப்பது. அதன்பின் வாகனப் பக்கத் தடுப்பை எடுங்கள். பிள்ளைகள் நடந்த தற்காலிகப் பாதையின் தடுப்பும் கொடி ஆட்களும் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும். வழி மறுபடி மாறியிருக்கிறது, பழைய பழக்கத்தில் ரோட்டுக்குள் இறங்குகிற பிள்ளைகளைப் புது நடைபாதைக்குத் திருப்பி அனுப்ப ஆள் வேண்டும்.